சாலை ஓரத்தில் உதித்த நிலா

அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ஜாபிதாவில் ஹெர்னாண்டஸ் என்ற பெயர் இராது. இருக்க நியாயமும் இல்லை. அங்கே வானளாவும் மாளிகை கிடையாது, நீர்வீழ்ச்சி கிடையாது, மியூஸியம் கிடையாது. ஒரு சின்னக் கோயில், அதன் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம், சில மண் வீடுகள், மேட்டில் ஒரு நெடுஞ்சாலை. அவ்வளவுதான். மோட்டாரில் போகிறவர் ஒரு தும்மல் போடுவதற்குள் ஊர் தாண்டிவிடும்.

ஆனாலும் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்த ஊரின் முகம் தெரியும். நியூயார்க்கில் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஏலத்தில் இந்த ஊரின் படம் ஒன்று 6,09,600 டாலருக்குப் போயிற்று. ஊருக்கு இத்தனை கீர்த்தியும் ஒரே ஒரு புகைப்படத்தால் வந்தது. அந்தப் படமோ ஒரே ஸெகண்டில் எடுத்தது.

அந்த ஒரு ஸெகண்டுக்கு முன்னால் நடந்த அமர்க்களத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் ஊருக்குப் போய்ச் சேர வேண்டாமா? வாருங்கள்.

நியூ மெக்ஸிகோ மாகாணத்தின் தலைநகரமான ஸாண்டா பேயிலிருந்து புறப்படுவோம். 1610-ல் ஸ்பானியர் ஸ்தாபித்த ஊர் அது. கடல் மட்டத்துக்கு 7,000 அடி உயரம். ஏறக்குறைய நம் ஊட்டி. ஆனால் ஊட்டியின் பசுமையை அங்கே தேடாதீர்கள். சிவந்த வறண்ட பூமி. அங்கங்கே குட்டை மரங்கள். வெயிலில் நின்றால் சுள்ளென்று உறைக்கும். இரண்டடி தள்ளி நிழலில் நின்றால் சால்வை வேண்டும். காற்றில் ஈரமே இல்லாததால் ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள மலையும் பக்கத்துத் தெரு மாதிரி துலங்கும். சித்திரக்காரர்களும் புகைப்படக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் விழுவதற்கு இந்த வெளிச்சந்தான் காரணம்.

வீடுகளைப் பார்த்தால் உங்களுக்கு நம் கிராமத்து ஞாபகம் வரும். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து, செங்கல்லாக அறுத்து, சூளையில் வைக்காமல் வெயிலிலேயே காயவைத்துக் கட்டிய சுவர்கள். அந்தச் சுவருக்கு மண் பூசி மெழுகுவது பரம்பரையாகப் பெண்களின் வேலை. அவர்கள் கையாலேயே தடவிப் பூசுவதால் சுவரின் மூலைகள்கூட மழமழவென்று உருண்டிருக்கும். வாசலுக்கு வாசல் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். தோரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வருஷத்துச் சமையலுக்கு. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் “சிவப்பா, பச்சையா?” என்று கேட்பார்கள். எந்த மிளகாயில் செய்த குழம்பு வேண்டும் என்று அர்த்தம். காரத்துக்கு அஞ்சாத நம்மவர்கள் தைரியமாகப் போய் வரக்கூடிய அமெரிக்க ஊர் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸாண்டா பேயிலிருந்து வடக்கே போனால் எஸ்பானியோலா என்ற பட்டணம். ரியோ கிராண்டே என்ற பெரிய நதியோடு சாமா என்ற சிறிய நதி வந்து கலப்பது அதன் அருகில்தான். சாமா நதியின் கரையோடு இன்னும் சற்று வடமேற்கே போனால், புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 30 மைலில் ஹெர்னாண்டஸ். வண்டியை நிறுத்திக் கிழக்கே பாருங்கள். கீழே ஊர். சூசையப்பர் பெயரில் ஒரு சின்னஞ்சிறு கோயில். அதன் பக்கத்தில் சிலுவைகள் நட்ட கல்லறைகள். அப்பால் வயலும் மரமும். வெகு தூரத்தில், அடிவானத்தை அடைத்துக்கொண்டு, 13,000 அடிக்கு மேல் உயர்ந்த பனிச் சிகரங்கள். அந்த மலைத்தொடருக்கு ஸ்பானியர் வைத்த பெயருக்குக் கிறிஸ்துவின் இரத்தம் என்று அர்த்தம்.

1941-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை. நம் கணக்கில் ஐப்பசிப் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சாயங்கால வேளையில் சாமா பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மோட்டார் ஸாண்டா பேயை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர், வயது 39. கூட இருந்தவர்கள், எட்டு வயது மகன் மைக்கேலும் நண்பர் ஸெட்ரிக் ரைட்டும். அமெரிக்க அரசாங்கத்தின் உள்நாட்டு இலாகா தன் தலைமைக் கட்டிடத்தின் சுவர்களை அலங்கரிக்க, தேசத்தின் காடு மலைகளைப் படம் பிடித்துவரும்படி அவரை அமர்த்தியிருந்தது. தினக் கூலி 22 டாலர் 22 சென்ட். இந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டார்களோ, தெரியாது!

அன்றைக்குப் பகல் முழுவதும் வீண். பள்ளத்தாக்கில் எதைப் பார்த்தாலும் படத்துக்கு அகப்படாமல் நழுவியது. களைத்துப்போய்த் திரும்பும் வழியில் ஆடம்ஸ் இடது பக்கம் கண்ணை ஓட்டினார். கிழக்கே மேகங்களுக்கும் பனி மலைக்கும் மேலே நிலா ஏறி நின்றது. மேற்கே மேகக் கரையில் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கடைசிக் கிரணங்கள் கல்லறைச் சிலுவைகளின் மேல் பட்டு, ஒவ்வொன்றும் வெள்ளி வார்த்தது போல் மின்னிற்று. சாலையை மறந்துவிட்டார் மனிதர். வண்டி ஓரத்துப் பள்ளத்தில் இறங்காமல் தப்பியது தெய்வாதீனம்.

வண்டி நின்றது. இனிமேல்தான் சங்கடம்.

இன்றைக்கு இப்படி ஒரு காட்சியைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? கைப்பையிலிருந்து டெலிபோனை எடுத்து நீட்டுவோம், முடிந்தது. ஆடம்ஸிடம் இருந்ததோ, உங்களில் வயதானவர்கள் பழைய ஸ்டூடியோவில் பார்த்திருப்பீர்களே, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு “அசையாதீர்கள்!” என்று ஸ்டூடியோக்காரர் அதட்டுவாரே, அந்த ஜாதிக் காமிரா. கல்யாணமான மறு வாரம் மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற படங்கள் அதில் எடுத்தவைதாம். அதற்குப் போடும் பிலிம் சுருள் அல்ல. அப்பளம் மாதிரி தனித்தனித் தகடு. ஆடம்ஸின் காமிராவில் ஒவ்வொரு தகடும் 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் நீளம்.

இவ்வளவு பெரிய தகடு எதற்கு என்று கேட்பீர்கள். சின்ன நெகடிவைப் பெரிதாக்கினால் நுணுக்கங்கள் கரைந்துபோகும். பெரிய தகட்டில் மலையின் மடிப்பும், கோயில் சுவரின் பூச்சும், தூரத்துப் புதரின் இலையும் அப்படி அப்படியே பதியும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். முக்காலியை விரித்துக் கெட்டியாக ஊன்ற வேண்டும். பெட்டியை மேலே ஏற்றித் திருக வேண்டும். துருத்தியை நீட்டி, லென்ஸைப் பொருத்தி, அதன் கண்ணைத் திறந்து, கறுப்புத் துணிக்குள் புகுந்து, பின்னாலுள்ள சொரசொரப்புக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பிம்பம் நேராகவா தெரியும்? தலைகீழாகத் தெரியும், இடம் வலமாகவும் மாறியிருக்கும். வானம் கீழே, கோயில் மேலே. அதைத் தெளிவாக்கியதும் லென்ஸை மூடி, வெளிச்சத்தை அளந்து, லென்ஸின் கண்ணை வேண்டிய அளவு சுருக்கி, பிலிம் உறையைச் செருகி, மூடுதகட்டை உருவி, அதன் பிறகுதான் விசையை அமுக்கலாம். இதில் ஒன்று தப்பினால் படம் இல்லை. மூடுதகட்டை உருவ மறந்தால் வெறும் இருட்டு. லென்ஸை மூட மறந்தால் வெறும் வெளுப்பு. பழகியவருக்கும் சாதாரணமாகப் பல நிமிஷம் பிடிக்கும் காரியம்.

சூரியனோ நிமிஷக் கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தான்.

ஆடம்ஸ் கத்திய கத்தலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று மகனையும் நண்பரையும் விரட்டுகிறார். முக்காலி வந்தது; காமிரா ஏறிற்று. லென்ஸ் பாகம் பாகமாகப் பிரித்து மாட்டக்கூடியது. அந்தக் காட்சிக்கு ஏற்ற பாகத்தை மாற்றிப் பொருத்தினார். மங்கிய வானத்தைச் சற்று இருளச் செய்து மேகங்களை எடுத்துக் காட்டுவதற்காக ஆழ்ந்த மஞ்சள் கண்ணாடி ஒன்றையும் மாட்டினார். பிம்பம் தெளிந்தது. பிலிம் உறை செருகியாயிற்று. எல்லாம் தயார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் காணவில்லை!

வண்டியைக் குடைந்தார்கள், கிடைக்கவில்லை. பெட்டி, பை, துணி, உறை என்று சாமான்களை வாரி இறைத்துவிட்ட பிறகு அதற்குள் ஒரு சின்ன மீட்டர் கிடைக்கிறதாவது! விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அரிசி அளக்கும் ஆழாக்கைக் காணாமல் தவித்த அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? அப்போது என்ன செய்வீர்கள்? கை அறிந்த கணக்கில் அள்ளிப் போடுவீர்கள். ஆடம்ஸும் அதைத்தான் செய்தார். ஆனால் அவர் போட்டது குத்துமதிப்பு அல்ல, சுத்தமான கணக்கு.

நிலாவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. யோசித்துப் பாருங்கள்: நிலா என்பது என்ன? வெயிலில் கிடக்கும் ஒரு கல் பூமி. இங்கே நமக்கு அந்தி சாய்ந்தாலும் அங்கே உச்சி வெயில். ஊரின் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்தாலும் நிலாவின் வெளிச்சம் குறையாது. அளவுகோல் தொலைந்த வேளையில் அது ஒன்றுதான் மாறாத அளவுகோலாக மலைமேல் நின்றது.

அந்த 250-ஐப் படத்தில் எத்தனை வெளுப்பாகக் காட்ட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். சுத்த வெள்ளையாக இருந்தால் நிலாவின் கறைகள் மறைந்து வெறும் ஓட்டையாகிவிடும். ஆகவே வெள்ளைக்குச் சற்றுக் குறைவாக வைத்தார். அதிலிருந்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கணக்கு இறங்கினால் சுமார் 60 கேண்டில். கையிலிருந்த பிலிமின் வேகத்துக்கு, லென்ஸின் கண் எஃப் 8 அளவில் திறந்திருந்தால், ஒரு ஸெகண்டில் அறுபதில் ஒரு பங்கு. மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தைத் தின்பதால் மூன்று மடங்கு கூட்டி, இருபதில் ஒரு பங்கு. பக்கத்துச் சிலுவையும் தூரத்துச் சிகரமும் ஒன்றாகத் தெளிய வேண்டுமானால் லென்ஸின் கண்ணை எஃப் 32 வரை சுருக்க வேண்டும். அதற்குப் பதினாறு மடங்கு. கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய ஒரு ஸெகண்டு. நீங்கள் இந்தப் பாராவைப் படிக்கும் நேரங்கூட அவருக்கு இல்லை.

மூடுதகட்டை உருவினார். விசையை அமுக்கினார். ஒரு ஸெகண்டு.

பிலிம் உறையில் இரண்டு பக்கமும் தகடு உண்டு. இத்தனை அவசரத்தில் எடுத்தது சரியாக வந்திருக்குமோ என்னவோ என்று, காப்புக்கு இன்னொரு படம் எடுக்க உறையைத் திருப்பிச் செருகினார். நிமிர்ந்து பார்த்தார். சிலுவைகளின் மேல் வெளிச்சம் இல்லை. சூரியன் மேகத்துக்குள் போய்விட்டான். கோயிலும் கல்லறையும் மண் வீடுகளும் சாம்பலாகக் கிடந்தன. நிலா மட்டும் இருந்தது. இரண்டாவது தகடு கடைசிவரை வெறுமையாகவே நின்றது.

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். இந்த மனிதர் சிறு வயதில் பியானோ வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள நினைத்தவர். ஒரே ஸ்வர வரிசையை ஆயிரம் தடவை வாசித்து விரலுக்கு ஏற்றுவது அவருக்குப் பழக்கம். காமிராவையும் அப்படித்தான் பழகினார். அதற்கு முன்பே, 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, கலிபோர்னியாவின் யோஸெமிட்டி பள்ளத்தாக்கில் அவருக்கு இதே மாதிரி ஒரு பரீட்சை வந்தது. பாதியாகப் பிளந்த கோபுரம் போல் ஹாஃப் டோம் என்று ஒரு மகா பாறை அங்கே நிற்கிறது. அதன் முகத்துக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டுக்கு, கனமான காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் முதுகில் சுமந்துகொண்டு பனியில் ஏறினார். கூட ஏறிய நண்பர்களில் வர்ஜீனியா பெஸ்ட் என்ற பெண்மணியும் ஒருவர். அடுத்த வருஷம் ஜனவரியில் ஆடம்ஸை மணந்துகொண்டவர் அவர்தான். காமிராக்காரனை மணப்பது என்றால் என்ன என்று அன்றே தெரிந்துகொண்டு மணந்தார் என்று சொல்ல வேண்டும்.

எடுத்துப் போனது 12 தகடுகள். வழியில் ஒவ்வொன்றாகச் செலவழிந்து, மேட்டில் ஏறியபோது மிஞ்சியவை இரண்டே. பிற்பகலில் பாறையின் முகத்தில் வெயில் மெல்லத் தவழ்ந்து வந்தது. மஞ்சள் கண்ணாடி மாட்டி ஒன்றை எடுத்தார். எடுத்த மாத்திரத்தில், தன் மனசு பார்த்த பாறை அதில் விழப் போவதில்லை என்று அவருக்குப் பட்டது. வானம் வெளிறித்தான் வரும். மிஞ்சிய ஒரே தகட்டுக்குச் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, ஐந்து ஸெகண்டு திறந்து வைத்தார். வானம் கன்னங்கரேலென்று இருள, பாறை பிரம்மாண்டமாக எழுந்து நின்றது. படம் எப்படி வர வேண்டும் என்பதை எடுப்பதற்கு முன்பே மனசில் அச்சடித்துப் பார்த்துவிடும் வித்தை அன்று கைவந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஹெர்னாண்டஸ் சாலையில் மீட்டர் தொலைந்தபோது அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பதினான்கு வருஷப் பழக்கம்.

இந்தப் பிரதேசத்துக்குப் பெரிய காமிராவும் அவசரமும் புதிதல்ல. 1870-களில் சர்க்கார் சர்வே கோஷ்டிகளோடு வந்த திமதி ஓஸல்லிவன் போன்றவர்கள், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலருவதற்குள் படமெடுத்து, உலருவதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். பாலைவனக் காற்றில் ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்? இருட்டறையையே கூடாரமாகவும் வண்டியாகவும் கூட இழுத்துக்கொண்டு திரிந்தார்கள் பாவம்.

பெண்கள் இதில் பின்தங்கினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். லாரா கில்பின் என்ற அம்மாள் 1891-ல் பிறந்தவர். இதே போன்ற பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு நவஹோ என்னும் பூர்வகுடிகளின் நாட்டில் அலைந்தவர். 1930-ல் தோழி எலிஸபெத் ஃபார்ஸ்டரோடு போகும்போது நடுவழியில் மோட்டாருக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கில்பின் உதவி தேடி மைல் கணக்கில் நடந்தார். திரும்பி வந்து பார்த்தால், தோழியைச் சுற்றி நவஹோ ஜனங்கள் கூடிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்று ஆரம்பித்த சிநேகம் ஆயுசுக்கும் நீடித்தது. நர்ஸாக இருந்த தோழி அந்த ஜனங்களுக்கே மருத்துவம் பார்க்கப் போனார். கில்பின் அவர்களைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தது 1968-ல், அவருடைய 77-வது வயதில். ஆடம்ஸின் அவசரம் நிமிஷக் கணக்கு. இந்த அம்மாளோ குழந்தைகளும் கிழவிகளும் தாங்களாகவே காமிராவை மறக்கும்வரை காத்திருந்து எடுத்தவர். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

ஹெர்னாண்டஸ் தகட்டின் கதைக்கு வருவோம். ஒன்றே ஒன்று; அதற்கு மாற்று கிடையாது. இருட்டறையில் அதைக் கழுவும்போது ஆடம்ஸின் கை நடுங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. நிலாவுக்குக் கணக்குச் சரி. ஆனால் கீழே இருந்த ஊருக்கு வெளிச்சம் எத்தனை என்று அவர் அளக்கவே இல்லையே! அந்தப் பாகம் மிகவும் மெலிந்துதான் பதிந்திருக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே மருந்தில் அரை நிமிஷம், வெறும் தண்ணீரில் ஆட்டாமல் அசைக்காமல் இரண்டு நிமிஷம், மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர் என்று பத்துத் தடவை மாற்றி மாற்றி வைத்தார். இதனால் நிலாவும் மேகமும் அதிகம் முற்றாமல் நிற்கும். மெலிந்த பாகம் மட்டும் மெல்லத் தேறும். குழந்தைக்கு மருந்து கொடுப்பது மாதிரிப் பக்குவம்.

அப்படியும் அந்த நெகடிவிலிருந்து நல்ல படம் அச்சிடுவது பிரம்மப் பிரயத்தனமாக இருந்தது. 1948-ல் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார்: தகட்டின் கீழ்ப் பாகத்தை மட்டும் வேறொரு ரஸாயனத்தில் நனைத்து உரமேற்றினார். கை தவறினால் எல்லாமே போயிருக்கும். போகவில்லை, சிலுவைகள் துலங்கின. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் மறைத்தும் அட்டையால் மறைத்தும் இங்கே கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து, பாட்டுப் பாடுவது போல் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்தார். வாழ்நாளில் 1,300-க்கும் மேற்பட்ட பிரதிகள். ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல் பூத்து மேகக் கீற்றோடு இருக்கும். வயதாக ஆக அவர் வானத்தை இருட்டிக்கொண்டே போனார்; கடைசியில் அது கறுப்பாகவே ஆகிவிட்டது. ஒரு ஸெகண்டில் எடுத்ததை முடிக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. 1984-ல் அவர் காலமானார்.

இத்தனை கணக்குத் தெரிந்த மனிதருக்குத் தேதி மட்டும் நினைவில் நிற்காது. ஒரு தடவை 1940 என்பார். மறு தடவை 1944 என்பார். கடைசியில் படத்திலிருந்த நிலாவையே சாட்சிக்கு அழைத்தார்கள். நிலா வானத்தில் எந்த இடத்தில், எத்தனை உயரத்தில், எவ்வளவு வளர்ந்து நிற்கிறது என்று அளந்தால் நாளும் நாழிகையும் சொல்லிவிடலாம். நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இது புதிதல்ல. டேவிட் எல்மோர் என்பவர் முதலில் கணக்கிட்டு, 1941 அக்டோபர் 31 என்றார். பிறகு டென்னிஸ் டி சிக்கோ என்ற வான சாஸ்திரப் பத்திரிகைக்காரர் அந்த ஊருக்கே போய், ஆடம்ஸ் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்: நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிஷம். அவர் இதை வெளியிட்டது 1991-ல். எல்மோரும் திருத்தத்தை ஒப்புக்கொண்டார். ஆடம்ஸுக்குத்தான் அது தெரியாமலே போயிற்று.

நவம்பர் முதல் தேதி கத்தோலிக்கருக்குச் சகல அர்ச்சிஷ்டவர்களின் திருநாள். மறு நாள் கல்லறைத் திருநாள். தங்கள் வீட்டுப் பெரியவர்களின் சமாதிக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகும் நாளுக்கு முந்தின மாலையில் அந்தச் சிலுவைகள் அப்படி மின்னியிருக்கின்றன. ஆடம்ஸுக்கு இது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கு இருந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அவை வெள்ளைப் புள்ளிகள். அவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு பெயர். படமெடுத்த ஐந்தே வாரத்தில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்து அமெரிக்காவும் யுத்தத்தில் குதித்தது. சுவர் அலங்கார ஏற்பாடு 1942-ன் நடுவில் நின்றுபோயிற்று. இந்தப் படம் எந்த அரசாங்கச் சுவருக்கும் போகாமல், ‘யு. எஸ். காமிரா’ என்ற வருஷாந்தரப் பத்திரிகையின் 1943-ஆம் ஆண்டு மலரில் வந்து உலகத்துக்குத் தெரிந்தது.

நீங்கள் இப்போது அங்கே போனால் படத்திலிருக்கும் ஊரை எதிர்பார்க்காதீர்கள். சாலை அகன்றுவிட்டது. மரங்கள் வளர்ந்துவிட்டன; புது வீடுகள் வந்துவிட்டன. பழைய கோயில் இருக்கிறது. ஆனால் சாலையிலிருந்து அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கீழே இறங்கிப் போனால் கல்லறைத் தோட்டத்தில் மெதுவாகப் பேசுங்கள். இன்றும் சொந்தக்காரர்கள் வந்து போகும் இடம் அது. பொழுது இருந்தால் அதே சாலையில் இன்னும் சற்று மேலே அபிக்யூவுக்குப் போய், ஜார்ஜியா ஓ’கீஃப் என்ற சித்திரக்காரி வாழ்ந்த மண் வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முன்கூட்டியே அநுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

நிலாவைப் பார்க்க விருப்பமிருந்தால் ஐப்பசியில், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், சூரியன் மறைவதற்கு அரை மணி இருக்கும்போது போங்கள். மேகம் ஒத்துழைக்குமா என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. லாரிகள் அந்தச் சாலையில் பறக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர் இடது பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.